மூடுபனி இல்லாத வாரம்

"பதினாலு" என்றேன்.

தராசின் முள் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கொக்கியில் தொங்கிய சாக்கு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சில்வர் ஓக் மரக்கிளையில் கட்டிய கயிறு ஒருமுறை முனகியது. அவ்வளவுதான் சத்தம். முப்பது பெண்கள் நிற்கிற இடத்தில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

சாயங்காலம் நாலு மணி. இலைகளுக்கு நடுவே வெயில் சாய்ந்து இறங்கியது. காப்பிப் பழத்தின் இனிப்பு வாடை. எதிரே நின்ற பெருமாயக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. செம்மண் அப்பிய அவர் கால்களைப் பார்த்தேன்.

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "எத்தன?" என்றார். காதில் விழாமல் கேட்கவில்லை.

"பதினாலுங்க."

எங்கள் எஸ்டேட்டில் ஒரு ஆள் நாளைக்கு முப்பது கிலோ பழம் பறிக்க வேண்டும் என்பது அளவு. பதினெட்டு வருஷமாகப் பெருமாயக்காவின் சாக்கு அந்த அளவுக்குக் கீழே ஒருநாளும் வந்ததில்லை. வரவிடாமல் செய்தது யார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ரைட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் தெரியாது.

எண்களைப் பேசியவன்

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு மஞ்சக்குட்டையிலிருந்து என் மைத்துனர் சொல்லி அனுப்பினார்: "மாமா இத்தன பேசுவாருன்னு எங்க யாருக்கும் தெரியாதே."

உண்மைதான். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அதனால் வருகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்போதெல்லாம் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். எண்கள் மட்டும் என்னிடம் சொன்னபடி கேட்டன. சேலத்துக்கு மேலே மலையில், வாழவந்திக்குப் போகும் பாதையில் இருந்த அந்த எஸ்டேட்டில் என்னைத் தராசுக்கு நிறுத்தினார்கள். அறுவடைக் காலத்தில் தினமும் நாலு மணிக்குச் சாக்குகளைக் கொக்கியில் மாட்டி எடையை உரக்கச் சொல்வேன். ரைட்டர் எழுதிக்கொள்வார். என் வாயிலிருந்து இதுவரை வந்த சொற்களில் பாதிக்கு மேல் எண்களாகத்தான் இருக்கும்.

பெண் பார்க்கப் போனபோதும் அதே கதைதான். "அன்னைக்கு மூணு வார்த்த பேசுனாருங்க, அதுல ரெண்டு எண்ணு" என்று என் மனைவி மல்லிகா இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். வயது இருபத்தி நாலு என்று சொன்னேன். அண்ணன் தம்பி எத்தனை பேர் என்றார்கள், மூணு என்றேன். மூன்றாவது வார்த்தை "தண்ணி".

தராசில் நான் பொய் எடை சொன்னதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முள் ஓர் இடத்தில் நிற்க வாய் வேறோர் இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தைரியம் இல்லாதவனின் நேர்மை அது.

ஒரு கை

காப்பி பறிப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நிரைகளில் முப்பது பெண்களும் ஒரே சமயத்தில் மேலே ஏறுவார்கள். கையும் ஓடும், வாயும் ஓடும். கீழே நின்றால் ஆள் தெரியாது. செடிகள் அசையும், வளையல் சத்தம் கேட்கும், மேட்டிலிருந்து சிரிப்பு இறங்கி வரும். பனி மூடிய நாட்களில் காடே தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல இருக்கும்.

வேகமாகப் பறிக்கிறவள் பக்கத்து நிரையைத் தாண்டும்போது அங்கே பறிப்பவள் சாக்கில் ஒரு கைப்பழம் போட்டுவிட்டுப் போவாள். அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. 'ஒரு கை போடு' என்பார்கள். மாசமாக இருப்பவளுக்கு ஒரு கை. காய்ச்சலில் வந்தவளுக்கு ஒரு கை. ராத்திரி முழுக்கப் பிள்ளை அழுது தூங்காதவளுக்கு ஒரு கை. யாரும் கேட்டு வாங்குவதில்லை. போட்டவளும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நாலு மணிக்குத் தராசுக்கு வரும்போது எல்லாச் சாக்கும் முப்பத்திரண்டு, முப்பத்தைந்து என்று அக்கம்பக்கமாகவே நிற்கும்.

பெருமாயக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் சேலத்தில் வாடகை அறையில் நான்கு பிள்ளைகளோடு இருந்தாள். அக்காவின் இரண்டு கண்ணிலும் மெல்லப் பால் படர்ந்திருந்தது. விரலால்தான் பறிப்பார். பழுத்தது மெத்தென்று இருக்கும், காய் கல்லென்று இருக்கும். அவர் சாக்கில் ஒரு பச்சைக்காய்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் விரலால் தேடிப் பறித்தால் நேரமாகும்.

அதனால் அவர் நிரைக்கு இரு பக்கமும் எப்போதும் வேகக்காரிகள்தான் நிற்பார்கள். ஒரு பக்கம் மல்லிகா.

கோட்டு சார்

என் இரண்டாவது மகள் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம். எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஏதோ ஓர் ஆராய்ச்சி ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். நடு மத்தியானத்திலும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டிருப்பார். மலைமேல் கடைவீதியான ஒண்டிக்கடைப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி, தினமும் காலை பஸ்ஸில் எஸ்டேட்டுக்கு வருவார். கையில் நீளமான காகிதச் சுருள். அதில் கோடு கோடாக வரைந்திருப்பார். அதனால் பெண்கள் அவருக்குக் கோட்டு சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சேலத்தைச் சுற்றியுள்ள தறிக்கூடங்கள், நூல் மில்லுகள், வெள்ளைக்கல் சூளைகள், மலைமேல் காப்பித் தோட்டங்கள் எல்லாவற்றிலும் இருபது வருஷமாக என்ன விளைந்தது, ஓர் ஆள் எவ்வளவு செய்தான் என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு ஜில்லாவையே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்தார் மனிதர்.

பழைய எடைப் புத்தகங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். ரைட்டர் என்னைக் காட்டிவிட்டார். பழம் அரைக்கும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் பத்து நாள் நானும் அவரும் உட்கார்ந்தோம். வெளியே தண்ணீர் ஓடும் சத்தம், உள்ளே புளித்த தோலின் வாடை. நான் எண்ணைச் சொல்வேன். அவர் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பார். பிறகு புள்ளிகளைச் சேர்ப்பார்.

சேர்த்தபோது நான் பார்த்தேன். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. வாழவந்திப் பாதையில் திரும்பும்போது தெரிகிற மலைவரிசை மாதிரியே இருந்தது.

"என்ன பாக்கறீங்க?" என்றார்.

"மலையாட்டம் இருக்குதுங்க."

சிரித்தார். "ஒரு வருஷம் ஏறுது, ஒரு வருஷம் இறங்குது. ஏன்?"

"செடி ஒரு வருசம் சொமந்தா மறு வருசம் மூச்சு வாங்குங்க."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சொன்ன ஒன்றை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. எண்ணைத் தவிர.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த உச்சி, காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை தப்பாமல் பெய்த வருஷம். மலை முழுக்க வெள்ளைப் பூவின் வாசம் ஒன்பது நாள் நின்றது. அந்தப் பள்ளம், தண்டில் பூச்சி துளைத்துச் செடிகளைப் பிடுங்கி எரித்த வருஷம். புகை பனியோடு கலந்து இறங்காமல் கிடந்தது. அந்தச் சின்ன மேட்டில் எனக்குக் கல்யாணம். எனக்குத் தெரிந்த வாழ்க்கை முழுவதும் ஒரு பென்சில் கோட்டுக்குள் அடங்கியிருந்தது.

பிறகு இரண்டாவது கோடு போட்டார். ஓர் ஆள் ஒரு நாளில் பறித்த எடை. அது மலையாக இல்லை. ஏரித் தண்ணீர் மாதிரி சமமாகக் கிடந்தது.

அவருக்கு அதுதான் புரியவில்லை. "புதுச் செடி வெச்சிருக்காங்க, உரம் போட்டிருக்காங்க. வேகமானவங்க, மெதுவானவங்க எல்லா இடத்திலயும் இருப்பாங்க. மில்லுல பாத்தேன், தறியில பாத்தேன். இங்க மட்டும் எல்லாரும் ஒரே அளவா? எப்படி?"

எனக்குப் பதில் தெரியும். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

மஞ்சள் துணி

ஒரு வாரம் தனித்தனியாகப் பறிக்க வைத்துப் பார்ப்பது என்று அவர் முடிவு செய்தார். ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவே ஒரு நிரை காலி. கை எட்டாது. சாக்குக்குச் சாக்கு நம்பர் எழுதிய மஞ்சள் துணி.

அதற்கு முந்தின நாள், தராசுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே மேனேஜர் ரைட்டரிடம் சொன்னது கேட்டது.

"அளவுல பாதிகூட வராதவங்க பேரைக் குறிச்சு வெச்சுக்கய்யா. இந்த சீசன் முடிஞ்சதும் நிரந்தரத்துல இருந்து எடுத்திடலாம். லைன் ஊடும் காலியாகும்."

லைன் ஊடு என்றால் நிரந்தர ஆட்களுக்கு எஸ்டேட் கொடுத்திருக்கும் வரிசை வீடு. பாதி என்றால் பதினைந்து. அன்றிலிருந்து தூங்கும்போதும் எனக்குப் பதினைந்துதான்.

அந்த வாரம் மார்கழி. எப்போதும் பத்து மணி வரை பனி கலையாத மாசம். ஆனால் அந்த வாரம் மட்டும் வானம் கழுவி வைத்தது மாதிரி இருந்தது. மேட்டில் நின்றால் கீழே சேலத்து ஓட்டு வீடுகள் சிவப்பாகத் தெரிந்தன.

திங்கட்கிழமை முதல் ஆள் மல்லிகா. ஐம்பத்திரண்டு. அதுவரை நான் அவளுக்குச் சொல்லாத எண். மற்றவர்கள் இருபத்தெட்டு, நாற்பது, முப்பத்தாறு என்று வந்தார்கள். கடைசியில் பெருமாயக்கா.

பதினாலு.

யாரும் பேசவில்லை என்று சொன்னேன் அல்லவா. பேசியது அவர்தான்.

"சரியாத்தான் சொன்ன, சாமி. எத்தன வருசம் கழிச்சு எஞ் சொந்த எடைய இன்னைக்குத்தான் கேக்கறேன்."

சாக்கைக் கொக்கியிலிருந்து அவரே கழற்றி, தடவித் தடவிக் குவியலில் கொட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு

செவ்வாய்க்கிழமை. அதே காடு, அதே வெயில். மல்லிகா சாக்கைக் கொடுத்தபோது கை தூக்கிக்கொண்டு போனது, அவ்வளவு லேசு.

"பன்னண்டு" என்றேன்.

"முள்ள நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அடுத்தவள் பதினொன்று. அடுத்தவள் பதிமூன்று. பிறகு பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று. முப்பது பேரில் அன்றைக்கு அதிகம் பறித்தது பெருமாயக்கா, பதினாலரை.

பெண்கள் குழாயடியில் பேசி வைத்துக்கொண்ட யோசனை அது. கை போட முடியாவிட்டால் கையை மடக்கலாம். அக்காவின் எண் தனியாகத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த கணக்கில் அது சரிதான். ஆனால் தராசுக்குப் பின்னால் வேறொரு கணக்கு காத்திருந்தது.

கோட்டு சார் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து அம்பத்திரண்டு எடுத்தவங்க இன்னைக்குப் பன்னிரண்டு. என்னைக் கேலி பண்றாங்களா?"

மேனேஜர் அமைதியாகச் சொன்னார்: "பாத்துக்குங்க சார். முப்பது பேரும் பாதிக்குக் கீழ. அப்படியே எழுதிக் குடுங்க. அடுத்த சீசனுக்குக் கீழ இருந்து ஒப்பந்த ஆளைக் கொண்டாந்திடறேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும், மேனேஜர் சொன்ன இரண்டையும் மல்லிகாவிடம் சொன்னேன். சட்டியில் இருந்த கரண்டியை எடுக்காமல் கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப எல்லாரு பேரும் போயிருமா?"

"ஆமா."

"அப்ப நாளைக்கு எல்லாரும் நெறையப் பறிச்சா?"

"அக்கா பேரு போயிரும்."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். "நேத்து நீங்க ரெண்டு கிலோ சேத்துச் சொல்லியிருக்கலாம்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நடக்காது என்று தெரிந்தே சொன்னாள்.

அப்போது வாசலில் பெருமாயக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் பேசியதைக் கேட்டபடி நின்றார்.

"கண்ணு, இவளுக எனக்காவத்தான் கைய மடக்கிக்கிட்டாளுக. நாஞ் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாளுக. நீ போயி அந்தச் சாருகிட்டச் சொல்லிப்போடு. பெருமாயிக்குக் கண்ணு தெரியறதில்ல, இத்தன நாளு மத்தவளுக போட்ட பழத்துல ஓட்டுனான்னு சொல்லு. எம் பேர அடிக்கட்டும். ஒருத்தியோட போவட்டும்."

"ஊடுங்க்கா?"

"ஊடென்ன ஊடு, பத்தடிக்குப் பத்தடி. அதுலயும் செவுரு எங்க இருக்குதுன்னு தடவித்தான் பாக்கறேன்."

மல்லிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அக்கா காப்பி கேட்டார். குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒண்டிக்கடையில் ஒரு டீ

மறுநாள் விடிந்ததும் நடந்தே ஒண்டிக்கடைக்குப் போனேன். கோட்டு சார் டீக்கடை பெஞ்சில் குல்லாயோடு உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் நின்றேன். வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"முப்பது" என்றேன்.

"என்ன முப்பது?"

"முப்பது பேருங்க சார்."

உட்காரச் சொன்னார். எனக்கும் ஒரு டீ சொன்னார். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு கை போடுவதைப் பற்றிச் சொன்னேன். எந்த நாளில் யார் சாக்கில் யார் பழம் என்று தராசுக்குத் தெரியாது என்று சொன்னேன். உங்கள் இரண்டாவது கோடு ஏன் சமமாகக் கிடக்கிறது என்றால் இதனால்தான் என்று சொன்னேன். கடைசியில், அந்த எண்களை வைத்து லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்பதையும் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

பெருமாயக்கா பெயர் மட்டும் வாயில் வரவில்லை. அவர் சொல்லச் சொன்னது அது ஒன்றைத்தான்.

கோட்டு சாரின் டீயில் ஆடை படிந்துவிட்டது. "வீடு போகும்னு எனக்குச் சொல்லலையே" என்றார். யார் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

அன்று அவர் எடை எடுக்க வரவில்லை. வியாழக்கிழமை மஞ்சள் துணிகளை எடுத்துவிடச் சொன்னார். வழக்கம்போல அடுத்தடுத்த நிரைகளில் ஏறட்டும் என்றார். அவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மத்தியானம் வரை பார்த்தார். பக்கத்தில் நான். பெண்கள் மூன்று நாள் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். மல்லிகாவின் கை பக்கத்து நிரைக்குப் போனது. திரும்பியது. மறுபடி போனது.

"அந்தப் பக்கத்து நிரையில இருக்கற அம்மா..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு எண்ணு மட்டுந்தாங்க தெரியும்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பதினாலு என்று நான் சொன்னபோது அவரும்தானே அங்கே இருந்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

சாயங்காலம் மொத்தமாகக் கூட்டினோம். திங்கட்கிழமையைவிட எண்பத்தாறு கிலோ கூடுதல். அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "இங்க முப்பதால வகுக்கறதே தப்பு போல இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பென்சிலைக் காதில் செருகினார். மல்லிகாவிடம் காரணம் கேட்டார்.

"தனியா உட்டா வாய் மூடிக்குது சார். வாய் மூடுனா கையும் மூடிக்குது" என்றாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

தபாலில் வந்த மலை

சீசன் முடிந்தது. யார் பெயரையும் அடிக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்து ஆட்கள் குறைந்தார்கள். அது வேறு காரணம், வேறு கதை.

பூ மழை பெய்து, காடு முழுக்க வெள்ளையாகக் கிடந்த ஒரு நாள் ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். தபால். என் பெயருக்கு வந்த முதல் தபால். உள்ளே கட்டம் போட்ட தாள். அந்த சீசனின் எடை நாள்வாரியாக ஒரு கோடு. நடுவில் ஓர் இடத்தில் செங்குத்தாக ஒரு பள்ளம்.

பள்ளத்துக்குக் கீழே பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

'இந்த வாரம் கடும் மூடுபனி. தனியாள் எடைகள் கணக்கில் சேரவில்லை.'

ரைட்டர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார், "ஆபீசுக்கு வந்த ரிப்போர்ட்டுலயும் அதுதான் இருக்குது. மேனேஜர் படிச்சாரு. அந்த வாரம் அவரு பாதி நாளு சேலத்துல இருந்தாரு, பனி இல்லேன்னு அவரால சொல்ல முடியல." பிறகு பேனாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

எண் எதையும் அந்த மனிதர் மாற்றவில்லை. பதினாலு பதினாலாகவே எங்கேயோ ஒரு நோட்டில் இருக்கும். காரணத்தை மட்டும் மாற்றிவிட்டார். அந்த வாரம் மேட்டில் நின்றால் சேலத்து ஓடுகளை எண்ணலாம்போல இருந்தது என்று அவருக்கும் தெரியும்.

தாளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். பெருமாயக்கா மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். நான் வந்ததை நடையிலேயே கண்டுகொண்டார்.

"என்ன கண்ணு, காயிதம் சலசலங்குது?"

"அந்தச் சாரு அனுப்பியிருக்காருங்க்கா. அந்த வாரம் நொம்ப மூடுபனின்னு எழுதியிருக்காரு."

அவர் கை மிளகைக் கிளறிக்கொண்டே இருந்தது. பூவின் வாசம் காற்றில் வந்து போனது.

"ஏன், இல்லையா?" என்றார். "எனக்கு அன்னைக்கும் அப்படித்தான் இருந்துது. இன்னைக்கும் அப்படித்தான் இருக்குது."

உலர்ந்த மிளகை வாரிச் சாக்கில் போட்டுத் தராசுக்குத் தூக்கிப் போனேன். முள் ஆடி நின்றது. ரைட்டர் இல்லை, எழுதுவதற்கு யாரும் இல்லை. இருந்தாலும் அக்காவுக்குக் கேட்கும்படி எடையைச் சொன்னேன்.